வளர்ப்புப் பாம்புக்கு உயிருள்ள எலி கொடுப்பது: முழுமையான வழிகாட்டி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எலியும் நடுங்கும், நடுங்கிக்கொண்டே கடிக்கும். கண்ணாடித் தொட்டிக்குள் பாம்பையும் எலியையும் ஒன்றாகப் பார்க்கும்போது பாம்புதான் வேட்டைக்காரன் என்று நமக்குத் தோன்றுகிறது. பாம்பு பசியோடும் சரியான உடல்சூட்டோடும் இருக்கும்வரை அது உண்மைதான். பசியில்லாத பாம்பு, குளிரில் விறைத்த பாம்பு, சட்டை உரிக்கக் காத்திருக்கும் பாம்பு ஆகியவை எலியோடு மல்லுக்கு நிற்காது. எலி முதுகில் ஏறிக் கொறிக்கும்போதுகூடத் தலையைச் சுருளுக்குள் புதைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். காடாக இருந்தால் எலி ஓடிப்போயிருக்கும். தொட்டிக்குள் இரண்டுக்குமே போக்கிடம் இல்லை. ராத்திரி எலியை உள்ளே விட்டுவிட்டுத் தூங்கப் போனவர்கள், காலையில் முதுகெலும்பு தெரியும் அளவுக்குச் சதை போன பாம்பைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவது இன்றும் நடக்கிறது.

எலியின் முன்பல்லைக் கிட்டத்தில் பார்த்தால் காரணம் விளங்கும். முன்பக்கம் மட்டும் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த கெட்டியான எனாமல். பின்பக்கம் அதைவிட மென்மையானது. மென்மையான பக்கம் சீக்கிரம் தேய்வதால் பல்லின் நுனி எப்போதும் உளி போலக் கூராகவே நிற்கும். சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும் பல் அது. மரத்தைத் துளைக்கும் அந்த உளிக்குப் பாம்பின் செதில் ஒரு பொருட்டே இல்லை. அதனால், கீழே வரும் ஒவ்வொரு கட்டத்திலும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எலியின் வாய் இப்போது எங்கே இருக்கிறது?

முதலில், உயிருள்ள இரை தேவையா?

பெரும்பாலான வளர்ப்புப் பாம்புகளுக்குத் தேவையில்லை. உறைய வைத்து, பிறகு இளக்கிச் சூடாக்கிய எலியிலும் அதே எலும்பு, அதே ஈரல், அதே சத்துதான். உயிரோடு இருப்பதால் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை. 'இயற்கையாக இருக்கட்டுமே' என்பதும், 'வேட்டையைப் பார்க்க ஆசை' என்பதும் காரணங்கள் ஆகாது. இயற்கையில் எலிக்கு ஓட இடம் உண்டு, பாம்புக்கும் விலகிப்போக இடம் உண்டு.

நியாயமான காரணங்கள் இரண்டு மூன்று இருக்கின்றன. முட்டையிலிருந்து வெளிவந்து முதல் சில இரைகளை எடுக்க மறுக்கும் குட்டி. இதுவரை உயிருள்ள இரையை மட்டுமே தின்று பழகி, செத்ததைத் திரும்பியும் பார்க்காத பால் பைத்தான் (ball python, பயந்தால் பந்தாகச் சுருளும் சிறிய மலைப்பாம்பு). பல வாரமாகச் சாப்பிடாமல் எடை இறங்கிக்கொண்டிருக்கும் பாம்பு. இந்த மூன்றிலும்கூட இது கொஞ்ச காலத்துக்கான ஏற்பாடுதான். செத்த இரைக்கு மாற்றும் வழியைக் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கிறோம்.

விலங்குவதைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். உயிருள்ள முதுகெலும்பியை இரையாக்குவது உங்கள் ஊரில் செல்லுமா என்பதை எலி வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். இங்கே சொல்வதெல்லாம் இரையைச் சுற்றி இறுக்கும் பாம்புகளுக்கு: பால் பைத்தான், கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், போவா போன்றவை. ஹாக்நோஸ் பாம்பு இரையைச் சரியாக இறுக்குவதில்லை. பெரும்பாலும் பிடித்தபடியே விழுங்கப் பார்க்கும். அதற்கு ரோமம் முளைத்த உயிருள்ள எலியைக் கொடுக்கவே கூடாது. விஷப் பாம்புகளைப் பற்றி இங்கே எதுவும் பேசவில்லை.

எலியின் அளவும் வயதும்

அளவைவிட வயதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுண்டெலிக் குஞ்சுக்கும் எலிக்குஞ்சுக்கும் பிறந்து ஏறக்குறைய 10 நாளில் முன்பல் வெளியே வரத் தொடங்கும். இரண்டு வாரம் நெருங்கும்போது கண் திறக்கும். அதற்கு முன்பு அது பாம்பை ஒன்றும் செய்துவிட முடியாது. ரோமமில்லாத சிவப்புக் குஞ்சைப் பிங்கி என்றும், பூனைமயிர் போல ரோமம் அரும்பியதை ஃபஸ்ஸி என்றும் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். இந்த இரண்டிலும் ஆபத்து மிகக் குறைவு. கண் திறந்து துள்ள ஆரம்பிக்கும் ஹாப்பரிலிருந்துதான் உங்கள் காவல் தொடங்குகிறது.

எடைக் கணக்கு ஏறத்தாழ இப்படி: சுண்டெலியில் பிங்கி 1 முதல் 3 கிராம், ஃபஸ்ஸி 3 முதல் 7, ஹாப்பர் 7 முதல் 12, வளர்ந்தது 18 முதல் 30. பெரிய எலி இனத்தில் பால் மறந்தது 30 முதல் 50 கிராம், சிறியது 50 முதல் 90, நடுத்தரம் 90 முதல் 150. அதற்கு மேலே போனால் அது இரை என்பதைவிட எதிராளி.

குட்டிப் பாம்புக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வளர்ந்த பாம்புக்கு 5 முதல் 7 சதவீதம் எடையுள்ள இரை போதும். 300 கிராம் எடையுள்ள இளம் பால் பைத்தானுக்கு 30 முதல் 45 கிராம், அதாவது பால் மறந்த எலிக்குஞ்சு ஒன்று. 1,500 கிராம் எடையுள்ள பெரிய பெண் பைத்தானுக்கு 75 முதல் 105 கிராம். அவ்வளவு பெரிய பாம்புக்கு இத்தனூண்டு எலியா என்று தோன்றும். 250 கிராம் எலியை உள்ளே விடுபவர்கள் எல்லாம் அப்படி நினைத்தவர்கள்தான்.

தராசு இல்லையென்றால் பருமனை வைத்துப் பாருங்கள். செத்த இரை என்றால் பாம்பின் உடலில் மிகத் தடித்த இடத்தின் பருமனோ, அதைவிடச் சற்றுக் கூடுதலோ இருக்கலாம். உயிருள்ள இரைக்கு அந்தச் சலுகை கிடையாது: பாம்பின் பருமனைத் தாண்டக் கூடாது, ஒரு படி குறைந்திருந்தால் இன்னும் நல்லது. வயிறு நிறையாது என்று தோன்றினால், முதலாவதை முழுக்க விழுங்கி முடித்த பிறகு இரண்டாவது சிறிய எலியைக் கொடுக்கலாம். இரண்டையும் ஒன்றாக விடுவது மட்டும் கூடவே கூடாது. ஒன்றை இறுக்கிக்கொண்டிருக்கும் பாம்பால் இன்னொன்றிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியாது.

இடைவெளி: குட்டிகளுக்கு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை, வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்கு 10 முதல் 14 நாள், வளர்ந்த பால் பைத்தானுக்கும் போவாவுக்கும் இரண்டு முதல் நான்கு வாரம். அடிக்கடி கொடுத்தால் கொழுப்புதான் ஏறும். பசி மங்கும், பசி மங்கிய பாம்பின் முன்னால் எலி துணிந்துவிடும்.

எலியைக் கையாள்வது

வீட்டு மூலையிலோ வயலிலோ பொறி வைத்துப் பிடித்த எலி வேண்டாம். அது எந்த விஷ உருண்டையைத் தின்றிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரத்தத்தை உறையவிடாமல் கொல்லும் எலி மருந்து எலியின் ஈரலில் தங்கும். அந்த எலியைத் தின்னும் உயிருக்கும் போய்ச் சேரும். ஒட்டுண்ணிகளும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமியும் வேறு. இரைக்காகவே வளர்க்கப்பட்ட எலியை மட்டும் வாங்குங்கள்.

வாங்கிய எலியை நேராகக் கொண்டுபோய்த் தொட்டியில் போடாதீர்கள். காற்றோட்டமுள்ள, மூடி இறுகிய பெட்டியில் ஒருநாள் வையுங்கள். தீனியும் தண்ணீரும் கொடுங்கள், ஒதுங்கி உட்கார ஒரு அட்டைக் குழாய் போடுங்கள். இரக்கம் மட்டும் இதற்குக் காரணம் இல்லை. பட்டினியும் தாகமுமாக உள்ளே போகும் எலி, கண்ணில் படும் முதல் ஈரமான சதையைக் கொறிக்கும். வயிறு நிறைந்த எலி மோப்பம் பிடித்துக்கொண்டு சுற்றும், பாம்புக்குக் குறிபார்க்க நேரம் கிடைக்கும். அந்த ஒருநாளில் எலி தும்முகிறதா, மூக்கு ஒழுகுகிறதா, கழிகிறதா என்றும் தெரிந்துவிடும். அப்படிப்பட்டதைக் கொடுக்க வேண்டாம். பெட்டியைப் பாம்பு இருக்கும் அறையில் வைக்காதீர்கள். நாள் முழுக்க எலி வாசனை அடித்தால், நீங்கள் தண்ணீர் மாற்றக் கைவிடும்போது பாம்பு உங்கள் விரலையே இரையாக நினைக்கும்.

தூக்கும்போது வாலின் அடிப்பாகத்தை, உடலோடு சேரும் இடத்தைப் பிடியுங்கள். நுனியைப் பிடித்தால் வாலின் தோல் உறை போலக் கழன்று கையோடு வந்துவிடும். 60 கிராமுக்கு மேற்பட்ட எலியை வாலில் தொங்கவிட்டால் உடலை வளைத்து மேலே ஏறிக் கையைக் கடிக்கும். அதைச் சின்ன டப்பாவில் ஏற்றிக் கொண்டுபோவதே நல்லது. கனத்த தோல் கையுறை போடுங்கள். கடிபட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அடுத்த சில நாளில் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு எது வந்தாலும் எலி கடித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்கடிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

அன்றைக்குப் பாம்பு தயாராக இருக்கிறதா?

கண்ணில் நீலம் கலந்த வெண்மை படர்ந்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று அர்த்தம். பார்வை மங்கி, தோல் இளகி, எரிச்சலோடு இருக்கும் நேரம் அது. செத்த இரையை வேண்டுமானால் வைத்துப் பார்க்கலாம். உயிருள்ளதைக் கொடுக்கவே கூடாது. சட்டை முழுதாக உரிந்து ஒருநாள் போகட்டும்.

சூட்டை வெப்பமானி வைத்துப் பாருங்கள், கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். பால் பைத்தானின் தொட்டியில் சூடான பக்கம் 30 முதல் 32 டிகிரி செல்சியஸும், கார்ன் ஸ்நேக்குக்கு 28 முதல் 30 டிகிரியும் இருக்க வேண்டும். உடல் குளிர்ந்த பாம்பின் பாய்ச்சல் மெதுவாகும், பிடி தளரும். விழுங்கினாலும் செரிக்காமல் கக்கிவிடும்.

புதிதாக வந்த பாம்பு என்றால் ஒரு வாரமாவது தொடாமல் விடுங்கள். வாயோரம் நுரை, மூச்சில் விசில் சத்தம், உடலில் காயம், இதற்கு முன் தின்றதைக் கக்கியது இவற்றில் ஏதாவது இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, பால் பைத்தான் இரவு விலங்கு. விளக்கை அணைத்து அரைமணி நேரம் கழித்து, தலையை மறைவிடத்தின் வாசலில் வைத்து வெளியே நோட்டம் விடுகிறதே, அதுதான் சரியான தருணம்.

கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை

30 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் நீளமான இடுக்கி, நுனி மழுங்கியது. பென்சில் பருமனுள்ள மரக்குச்சி இரண்டு. தொட்டியின் அகலத்துக்கு வெட்டிய கெட்டி அட்டை ஒன்று. கையுறை. எலியைத் திருப்பி எடுக்க மூடியுள்ள டப்பா. கடிகாரம். மங்கலான விளக்கு. ஒரு புட்டி சலைன். இவற்றில் பலரும் மறப்பது மரக்குச்சியைத்தான். ஆனால் பாம்பின் கண்ணைக் காப்பாற்றப் போவது அதுதான். உலோகக் கம்பி வேண்டாம், பாம்பின் பல்லை உடைத்துவிடும்.

எங்கே வைத்துக் கொடுப்பது

தனிப் பெட்டிக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் தொட்டிக்குள் கைவிடும்போதெல்லாம் கடிக்கப் பழகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. இரை தின்ற பாம்பைத் தூக்கித் திரும்பத் தொட்டியில் விடும் அந்த ஒரு நிமிடத்தில்தான் கக்குவதும் கடிப்பதும் அதிகம். கடிக்கும் பழக்கத்தைத் தடுக்க வேறு வழி இருக்கிறது: இரை கொடுக்காத நாளில் தூக்கும் முன்பு கொக்கியாலோ காகிதச் சுருளாலோ உடம்பை மெல்லத் தொட்டுவிட்டுத் தூக்குங்கள். தொட்டால் இரை இல்லை என்று அது புரிந்துகொள்ளும்.

சொந்தத் தொட்டியிலேயே கொடுங்கள், ஆனால் தொட்டியைக் காலி செய்துவிட்டு. தண்ணீர்க் கிண்ணம், கூடுதல் மறைவிடம், கட்டை, பிளாஸ்டிக் செடி எல்லாம் வெளியே. எலி ஒளிந்துகொள்ளும் இடம் ஒவ்வொன்றும் நீங்கள் பார்க்க முடியாத இடம். மரத்தூளோ தேங்காய் நாரோ பரப்பியிருந்தால் அதன்மேல் காகிதம் விரியுங்கள்; ஈரமான இரையோடு தூளும் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகும். வெட்கப்படும் பால் பைத்தானுக்கு மட்டும் அது உள்ளே இருக்கும் மறைவிடத்தை அப்படியே விட்டு, வாசலை உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். பாம்பு பின்வாங்க, எலி பின்னாலேயே உள்ளே நுழைந்தால் உடனே மறைவிடத்தைத் தூக்கிவிட வேண்டும்.

இரை கொடுக்கும் முறை

1. கையைச் சோப்பால் கழுவுங்கள். எலி வாசனை விரலில் இருந்தால் சூடான, எலி மணக்கும் பொருள் என்ற அளவில் உங்கள் கையும் எலியும் பாம்புக்கு ஒன்றுதான். பைத்தானின் உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும். முதலில் அது பாய்வது வெப்பத்தை நோக்கித்தான்.

2. பாம்பின் தலை எங்கே என்று பார்த்த பிறகே மூடியைத் திறங்கள். தலை சுருளுக்குள் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

3. சுண்டெலி என்றால் வாலின் அடியை இடுக்கியால் பிடித்து, பாம்பின் முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, காலூன்றும்படி இறக்குங்கள். பிடியை உடனே விடாதீர்கள். எலியின் தலை பக்கவாட்டில் தெரிய வேண்டும். அப்போதுதான் பாம்பு கழுத்தையோ தோளையோ கவ்வும். பெரிய எலி என்றால் டப்பாவைத் தொட்டியின் எதிர்மூலையில் சாய்த்து, அதுவாக இறங்கவிடுங்கள். எதுவானாலும் பாம்பின் மேல் போடக் கூடாது. மேலிருந்து விழுவதைப் பாம்பு தாக்குதலாகவே எடுத்துக்கொள்ளும்.

4. மூடியைச் சாத்தி, அசையாமல் உட்காருங்கள். எழுந்துபோகக் கூடாது, கைபேசி பார்க்கக் கூடாது. நாக்கு வேகமாக வெளியே வந்து போவது மெல்லக் குறைந்து, தலை எலி நகரும் பக்கமெல்லாம் திரும்பி, கழுத்து இரண்டு வளைவாக மடிந்து நின்றால் பாயப் போகிறது. உடல் இறுகிப் பந்தாகச் சுருள்வதும், மூக்கைச் சுவரில் தேய்த்துத் தப்பப் பார்ப்பதும், எலி தொட்டதும் வெடுக்கென விலகுவதும் வேண்டாம் என்பதற்கான அடையாளங்கள்.

5. பாய்ந்து கவ்வியதும் இரண்டு மூன்று சுருள் சுற்றிவிடும். குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு கேள்வியைக் கேளுங்கள்: எலியின் வாய் எங்கே? பாம்பின் தாடைக்குள்ளேயோ, சுருளுக்குள் நெரிபட்டோ, பாம்பின் உடல் எட்டாதபடி வெளியே பார்த்தபடியோ இருந்தால் தொடாதீர்கள். இடுப்பையோ பின்னங்காலையோ கவ்வியிருந்தால் எலியின் முன்பாதி முழுக்கச் சுதந்திரமாக இருக்கிறது. அது திரும்பி, கைக்கெட்டும் முதல் இடத்தில் பல்லைப் பதிக்கும். பெரும்பாலும் அது பாம்பின் கழுத்து, சில நேரம் கண். எலி திரும்பும் அந்த நொடியில் குச்சியை அதன் வாய்க்குக் குறுக்கே கொடுங்கள். கவ்வ எதையாவது தேடும் எலி குச்சியைக் கவ்விக்கொள்ளும். அசைவு நிற்கும்வரை அப்படியே பிடித்திருங்கள்.

எலி ஏற்கெனவே பாம்பைக் கவ்விவிட்டதா? இழுக்காதீர்கள், சதை கிழியும். குச்சியின் நுனியை எலியின் கடைவாயோரம் நுழைத்துத் தாடையைத் திறக்கப் பாருங்கள். முடியாவிட்டால் இடுக்கியால் எலியின் பிடரியை இறுக்கிப் பிடியுங்கள். பாம்பின் வாயிலிருந்து எலியைப் பிடுங்குவதும் கூடாது. பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் ஒடியும், தாடை கிழியும்.

6. அசைவு நின்றதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பாம்பு இறுக்கும்போது இரை மூச்சுத் திணறிச் சாகிறது என்றுதான் நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். போவாக்களையும் எலிகளையும் வைத்து 2015ல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது: இறுக்கிய சில நொடிகளிலேயே ரத்த ஓட்டம் தடைபடுகிறது, இதயமும் மூளையும் ரத்தமில்லாமல் நிற்கின்றன. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2012ல், போவா இரையின் இதயத்துடிப்பை உடலால் உணர்ந்து, அது நின்ற பிறகே பிடியைத் தளர்த்துகிறது என்றும் காட்டியிருந்தார்கள். இதிலிருந்து நமக்குப் பயன்படுவது ஒன்று: எப்போது விடுவது என்று பாம்புக்குத் தெரியும். தட்டிப் பார்ப்பதும் குச்சியால் குத்திப் பார்ப்பதும் அதன் கணக்கைக் குழப்பும். ஆனால் சரியாகச் சுருள் விழாத எலி மயங்கிக் கிடந்துவிட்டு மறுபடி மூச்சு வாங்குவதும் உண்டு. ஆகவே எலியின் தலை பாம்பின் வாய்க்குள் மறையும்வரை குச்சி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

பாம்பு எடுக்கவில்லை என்றால்

10 நிமிடம், போனால் போகிறது 15. அதற்கு மேல் வேண்டாம். அட்டையை இரண்டுக்கும் நடுவே இறக்கி, எலியை டப்பாவுக்குள் ஓட்டி வெளியே எடுங்கள். எலி பாம்பின் மேல் ஏறினாலோ, உடலைத் தொட்டு மோப்பம் பிடிக்கும்போது பாம்பு சுருங்கினாலோ கடிகாரத்தைப் பார்க்கவே தேவையில்லை, அப்போதே எடுத்துவிடுங்கள்.

உள்ளே கொஞ்சம் தீனி போட்டால் எலி பாம்பைத் தொடாது, ராத்திரி விட்டுவைக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தீனி தீர்ந்ததும் என்ன செய்யும் என்பதை அவர்கள் சொல்வதில்லை.

மறுநாளே திரும்ப முயலாதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். அதற்குள் காரணத்தைத் தேடுங்கள்: சூடு சரியா, மறைவிடம் போதுமா, சட்டை உரிக்கும் நேரமா, அடிக்கடி தூக்கித் தொந்தரவு செய்கிறீர்களா. நல்ல உடற்கட்டுள்ள வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. சமையலறைத் தராசில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, முதுகெலும்பு மேடு தட்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். குட்டிகளுக்கு இந்த அவகாசம் கிடையாது. மூன்று நான்கு இரையைத் தொடர்ந்து மறுத்தாலே காட்டிவிடுங்கள்.

தின்று முடித்த பிறகு

கொட்டாவி விடுவது போல இரண்டு மூன்று முறை வாயைப் பிளந்து தாடையைச் சரிசெய்துகொள்ளும். அது முடிந்ததும் தண்ணீரையும் மறைவிடத்தையும் திருப்பி வையுங்கள். விளக்கடித்து உடலை ஒருமுறை தலைமுதல் வால்வரை பார்த்துவிடுங்கள், தூக்க வேண்டாம். அதன்பின் 48 மணி நேரம் தொடக் கூடாது. வயிறு மேடாகத் தெரிந்தால் மேடு அமுங்கும்வரை.

கக்கிவிட்டால் அதையே திருப்பிக் கொடுக்கவோ, உடனே வேறு கொடுக்கவோ கூடாது. செரிமான அமிலம் தொண்டையைப் புண்ணாக்கியிருக்கும். இரண்டு வாரம் தண்ணீர் மட்டும். பிறகு வழக்கத்தில் பாதி அளவுள்ள செத்த இரை. இரண்டாம் முறையும் கக்கினால் அது நீங்கள் வீட்டில் தீர்க்கும் சங்கதி இல்லை.

கடிபட்டால்

எலி கடித்துப் பாம்பின் உடலில் ஏற்பட்ட மேலோட்டமான கீறலும் சிறு துளையும் வீட்டில் ஆறும். சலைனால் கழுவி, பொவிடோன் அயோடினைத் தண்ணீரில் வெளிறிய டீத்தண்ணி நிறம் வரும்வரை கலந்து ஒற்றி எடுங்கள். நாள்தோறும் ஒருமுறை செய்தால் போதும். மரத்தூளை எடுத்துவிட்டு வெள்ளைக் காகிதம் விரித்தால் சீழோ ரத்தமோ கசிவது தெரியும். ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றி ஊற்றிக் கழுவுவது புதுச் சதையையும் சேர்த்து அழிக்கும். மனிதர்களுக்கான களிம்பைப் பூசினால் அதில் வலி மரக்கவைக்கும் மருந்து இல்லை என்று பார்த்துப் பூசுங்கள். அது பாம்புக்கு ஆபத்து.

கண், வாய், சதை தெரியும் காயம், நிற்காத ரத்தம் எதுவானாலும் அன்றைக்கே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பாம்பின் சீழ் நம்முடையதைப் போல நீராக வடியாது, பாலாடைக்கட்டி போலத் தோலுக்கடியில் கட்டிக்கொள்ளும். ஆறிவிட்டது என்று நினைத்த இடம் இரண்டு வாரம் கழித்துக் கட்டியாகத் தடிப்பது அதனால்தான்.

செத்த இரைக்கு மாற்றுவது

இடையில் ஒரு படி இருக்கிறது: அப்போதுதான் கொன்ற, இன்னும் சூடு ஆறாத எலி. ஆனால் எப்படிக் கொல்வது? சுவரில் அடித்து மயக்குவது கொடுமை மட்டுமல்ல, பாதியில் விழித்துக்கொண்ட எலி முன்னைவிட மூர்க்கமாகக் கடிக்கும். தண்ணீரில் அமுக்குவதும் உயிரோடு உறைபெட்டியில் வைப்பதும் கூடாது. மூடிய பெட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடை மெல்ல நிரப்புவது பலர் பின்பற்றும் முறை. அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல், நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்ற வேகத்தில் நிரப்பச் சொல்கிறது. ஒரேயடியாகத் திறந்துவிட்டால் எலிக்கு மூக்கிலும் கண்ணிலும் எரிச்சலும் வலியும். பச்சிளம் குஞ்சுகள் காற்றில்லாமல் நெடுநேரம் தாங்கும் என்பதால் அவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. தெரிந்தவரிடம் நேரில் கற்காமல் இறங்க வேண்டாம். கொன்று தரும் இடத்தில் வாங்குவதே சுலபம்.

சூடான இரையை இரண்டு மூன்று முறை எடுத்ததும் உறைந்ததற்கு மாறலாம். முந்தின இரவே உறைந்த எலியைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வயிறு வெடிக்கும். இளகியதைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, கை பொறுக்கும் வெந்நீரில் 15 முதல் 20 நிமிடம் போட்டு, ரோமத்தைத் துடைத்து உலர்த்துங்கள். கடைசியில் தலையை மட்டும் இன்னொரு நிமிடம் சூடுபடுத்தி 38 முதல் 40 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பைத்தான் குறிவைப்பது அந்தச் சூட்டைத்தான்.

நீண்ட இடுக்கியால் முதுகுத்தோலைப் பிடித்து, தலை முன்னே இருக்கும்படி, நடந்து நடந்து நிற்கும் எலி போல ஆட்டுங்கள். மூக்கில் கொண்டுபோய் இடிக்காதீர்கள். விலகிப்போகும் இரையைத்தான் பாம்பு துரத்தும். பாய்ந்து கவ்வியதும் இடுக்கியை விட்டுவிடாமல் இரண்டு முறை லேசாக இழுத்து விடுங்கள். பிடியை இறுக்கிச் சுருள் போட்டுக்கொள்ளும். மறுத்தால் மறைவிடத்தின் வாசலில் காகிதத்தின்மேல் வைத்து, விளக்கணைத்து, தொட்டியைத் துணியால் மூடிவிட்டுப் போய்விடலாம். இந்த எலியை ராத்திரி முழுக்க விட்டுவைப்பதில் பயமில்லை. காலையில் அப்படியே கிடந்தால் குப்பையில் போடுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள். அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்து.